இருளும் வானமும்: ஒரு சிறுவர் சித்திரநூலை முன்வைத்து

சிறுவர் நூல்களை விமர்சனத்துக்குரிய இலக்கியமாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. நாவலொன்றின் பாத்திர வார்ப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதிடும் நாம், குழந்தையின் கையிற் கொடுக்கும் நூலைப் பற்றிப் பேச நேர்ந்தால், 'படங்கள் அழகு, தாள் தரமானது' என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம். உலகம் எத்தகையது, அதிலே தனக்குரிய இடம் யாது, எதற்கு அஞ்சவேண்டும், எதனை அவாவவேண்டும் என்பன பற்றிய முதற் கருத்துக்கள் பலவற்றைக் குழந்தை இத்தகைய நூல்களிலிருந்தே பெறுகின்றது. எழுதுவோர் எந்தச் சமுதாயத்தில் நின்று எழுதுகின்றனரோ அந்தச் சமுதாயம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருப்பவை யாவும், நாவலிற் காண்பதைவிட வெளிப்படையாகச் சித்திரநூலிலே தெரியவரும். குழந்தையிடம் மறைத்துப் பேச யாரும் அவ்வளவு சிரமப்படுவதில்லை.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் நூல் 'த டார்க்கெஸ்ட் டார்க்' என்பது. 'இருளினும் பேரிருள்' என அதன் பெயரை நாம் விளங்கிக்கொள்ளலாம். கனடிய விண்வெளி வீரர் கிறிஸ் ஹட்பீல்ட், கேட் ஃபிலியன் என்னும் எழுத்தாளருடன் சேர்ந்து எழுத, ரொறன்ரோவில் வாழும் சகோதரர்களான டெரி ஃபான், எரிக் ஃபான் ஆகிய இருவரும் படம் வரைய, 2016 இல் அது வெளிவந்தது. கனடாவில் வெளிவந்த ஆங்கிலச் சித்திரநூலுக்கும் வன்னிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. நெடுங்கேணியிலோ ஒட்டுசுட்டானிலோ புளியங்குளத்திலோ, ரொறன்ரோவில் உறவினர் இல்லாத குடும்பங்களைத் தேடித்தான் காணவேண்டும். சித்தியோ மாமாவோ அனுப்பும் பொதியிலே சப்பாத்துடனும் சொக்கிளேற்றுடனும் ஒரு படப்புத்தகமும் வந்துசேர்கின்றது. பிள்ளை அதைப் புரட்டுகிறது. ஆங்கிலம் தெரியாவிடினும் படங்கள் பேசுகின்றன. எனவே, அப்படங்கள் என்ன பேசுகின்றன என்று கேட்பது நமது கடமையாகின்றது.

கதை எளியது. கிறிஸ் என்ற சிறுவன் தன்னை விண்வெளி வீரனாகவே எண்ணிக்கொள்கிறான். பெட்டியொன்று அவனுக்கு விண்கலமாகின்றது. குளிக்க அழைத்தால், உலகைக் காக்கும் வேலையில் இருப்பவனுக்குக் குளிக்க நேரமேது என்கிறான். அவனுடைய நாய்க்குட்டியும் அவனுடன் பயணம் செய்கின்றது. ஆனால் இரவு வந்ததும் இந்த வீரனுக்கு இருட்டைக் கண்டால் நடுக்கம். தன் அறையின் மூலைகளில் அந்நிய உயிர்கள் ஒளிந்திருப்பதாகக் கண்டு பெற்றோரின் படுக்கைக்கு ஓடுகிறான். தனியே படுக்காவிட்டால், மறுநாள் அயல்வீட்டுக்குப் போக எவருக்கும் தெம்பிராது என்று எச்சரிக்கப்படுகிறான். மறுநாள் 1969 ஜூலை 20. தீவிலுள்ளோர் அநேகமாக எல்லாரும் அயல்வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைச் சூழ்ந்திருக்க, மனிதன் சந்திரனிற் கால்பதிப்பதைக் கிறிஸ் காண்கிறான். அங்கேதான் அவனுக்கு ஒன்று புலப்படுகின்றது: அந்த வீரர்களைச் சூழ்ந்திருக்கும் இருள், தன் அறையின் இருளைவிட எத்தனையோ மடங்கு கரியது, ஆயினும் அவர்கள் அஞ்சவில்லை. அன்றிரவு விளக்கை அணைக்கும்போது, இருள் பழைய இருளாகவே இருக்கின்றது, சிறுவன்தான் மாறிவிட்டான்.

ஃபான் சகோதரரின் ஓவியங்களைப் பற்றிச் சிறிது நின்று பேசவேண்டும். நூலின் உயிர் அங்கேதான் இருக்கின்றது. கருநீலமும் சாம்பலும் தோய்ந்த அறைகள். வீட்டுத் தளபாடங்களின் நிழல்கள். அந்நிழல்களுக்குள் பாதி கரைந்தும் பாதி தெரிந்தும் நிற்கும் அந்நிய உருவங்கள். முதல் வாசிப்பில் வெறும் நிழலாகத் தோன்றியது, இரண்டாம் வாசிப்பிற் கண்ணும் வாயும் பெற்று நம்மைப் பார்க்கின்றது. குழந்தையின் அச்சம் எவ்வாறு உருவாகின்றது என்பதை எந்த உளவியல் நூலும் இவ்வளவு தெளிவாகக் காட்டிவிடாது. அச்சத்தைக் கேலிக்குரியதாக ஓவியர்கள் ஆக்கவில்லை. குழந்தை கண்டதை அவர்களும் கண்டு வரைந்திருக்கிறார்கள். நமது சிறுவர் நூல்களிற் பயந்த பிள்ளையைக் கோழையென்று நகைப்பதும், 'பேயில்லை, பிசாசில்லை' என்று இரண்டு வரியிற் பகுத்தறிவு போதிப்பதும் வழக்கமாயிருக்க, இந்த மரியாதை பெரிதும் போற்றத்தக்கது.

எனினும் நூலின் மையக் கருத்தை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியுமா? இருள் மாறவில்லை, பிள்ளை மாறினான். பிள்ளை மாறியதால் கனவு கைகூடிற்று. நூலின் இறுதியில் வரும் ஆசிரியர் குறிப்பும் நிழற்படங்களும் இக்கருத்துக்குச் சான்றாக நிற்கின்றன. அச்சம் அகத்தில் உள்ளது, அதை வெல்வதும் அகத்தின் வேலை என்பது இதன் பொருள். காவலும் அமைதியும் உள்ள ஒரு வீட்டின் படுக்கையறையிலே இது முற்றிலும் உண்மை. அந்த அறைக்கு வெளியே இந்த உண்மை எவ்வளவு தூரம் செல்லும் என்பதே நம் கேள்வி.

வன்னியின் இருளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990 இன் பின் நீண்டகாலம் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி மின்சாரமின்றியே வாழ்ந்தது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரிதாயிற்று. மின்சூளுக்கான பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஜாம் போத்தலின் அடியிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கிலே பிள்ளைகள் படித்தார்கள். சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, தைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1997 மே மாதத்திலே 'ஜயசிக்குறு' படைநடவடிக்கையின்போது நெடுங்கேணி இராணுவத்திடம் வீழ்ந்தது. 1999 நவம்பரில் மீண்டும் கைமாறியது. ஊர் பெயர்ந்தது, காடுகளிலும் பிற ஊர்களிலும் கொட்டில் போட்டு வாழ்ந்தது.

அக்காலத்துப் பிள்ளைக்கு இருள் எத்தகையதாயிருந்தது? ஹட்பீல்டின் நூலைப் படிக்கும்போது நம்மை உறுத்தும் இடம் இதுவே. அப்பிள்ளைக்கு இருள் பாதுகாப்பு, வெளிச்சம்தான் ஆபத்து. இரவில் வானத்திலிருந்து 'பரா' வெளிச்சம் மிதந்து இறங்கினால் அடுத்து எறிகணை வரும் என்று அது அறிந்திருந்தது. விமானச் சத்தம் கேட்டதும் விளக்கை ஊதியணைக்கப் பழகியிருந்தது. வானத்தை அண்ணாந்து பார்க்கவும் அது கற்றிருந்தது. ஆனால் விண்மீன்களை எண்ணுவதற்கு அன்று. ஆளில்லா வேவு விமானத்துக்கு மக்கள் 'வண்டு' என்று பெயரிட்டிருந்தனர். வண்டு சுற்றினால் அதன் பின்னாற் 'கிபிர்' வரும் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த வானவியல். 2006 ஓகஸ்ட் 14 இல் வள்ளிபுனத்திலே செஞ்சோலை வளாகத்தின்மீது விமானப்படை குண்டுவீசியபோது இறந்தோரிற் பெரும்பாலோர் பாடசாலை மாணவியர். அந்நிய உயிர்கள் அறையின் மூலையில் ஒளிந்திருப்பதாகக் கிறிஸ் அஞ்சினான். அச்சம் கற்பனையாயிருந்தபடியால் அதனைக் கற்பனையால் வெல்ல முடிந்தது. பதுங்குகுழியிற் குந்தியிருந்த பிள்ளையிடம், 'உன் மனத்தை மாற்றிக்கொள், வானம் உன் நண்பனாகும்' என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். விண்வெளிக்குச் செல்வதற்கு முன் ஹட்பீல்ட் கனடிய விமானப்படையிற் சீஎப்-18 போர்விமானம் ஓட்டியவர். நூல் அதைப் பற்றிப் பேசவில்லை. பெட்டியிலிருந்து விண்கலத்துக்கு ஒரே தாவலிற் பாய்ந்துவிடுகின்றது. இது அவர் ஒருவருக்கான குற்றச்சாட்டன்று. ககாரினும் போர்விமானி, ஆம்ஸ்ட்ரோங்கும் கொரிய யுத்தத்திற் போர்விமானம் ஓட்டியவர். இருபதாம் நூற்றாண்டில் விண்ணுக்கு ஏறிய ஏணி இராணுவங்களின் கையிலேயே இருந்தது. கனவின் கதையைக் குழந்தைக்குச் சொல்லும்போது அந்த ஏணியை மட்டும் அழித்துவிடுவது எல்லா நாடுகளிலும் நடந்திருக்கின்றது. கிபிரின் சத்தத்தை அறிந்த ஊரிலே அந்த வெற்றிடம் சற்றுப் பெரிதாகவே தெரிகின்றது.

போரின் பதுங்குகுழியிலிருந்து விண்வெளிக்கனவு பிறக்கவே முடியாதா என்றால், முடியும். 1961 டிசெம்பரில் இலங்கைக்கும் வந்து, பேராதனைப் பூங்காவில் மரமொன்று நாட்டிச் சென்ற யூரி ககாரினை எண்ணிப் பாருங்கள். தச்சன் மகன், தாய் கூட்டுப்பண்ணையிற் பால்கறந்தவள். 1941 இல் நாஜிப் படை குளூசினோ கிராமத்தைக் கைப்பற்றியபோது அவருக்கு ஏழு வயது. வீட்டைப் படையினர் எடுத்துக்கொள்ள, குடும்பம் முற்றத்துக்குப் பின்னால் மூன்று மீற்றர் நீளமும் அகலமுமான மண்குடிலிலே ஏறக்குறைய இருபத்தொரு மாதங்கள் வாழ்ந்தது. அண்ணனையும் அக்காளையும் கட்டாய வேலைக்குப் பிடித்துச் சென்றனர். அப்பிள்ளை பின்னர் தொழிற்பள்ளியில் வார்ப்புவேலை கற்று, விமானக் கழகத்திற் சேர்ந்து, இருபத்தேழாம் வயதிற் பூமியைச் சுற்றிவந்தது. இவ்வரலாற்றைச் சொல்லும் சோவியத் நூல்களிலும் மிகையுண்டு, புகழ்ச்சியுண்டு. அவற்றை நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் அந்த மண்குடிலும் அந்தத் தொழிற்பள்ளியும் கதையில் இருந்தன. பிள்ளை எங்கிருந்து புறப்பட்டது, அதற்கு யார் வழி திறந்தார்கள் என்பது வாசகனுக்குத் தெரிந்தது.

ஹட்பீல்டின் நூலிலே, அவர் ஒருவேளை எண்ணாமலே, இத்தகைய உண்மையொன்று நுழைந்துவிட்டது. அது அயல்வீட்டுத் தொலைக்காட்சி. கிறிஸின் வீட்டில் அன்று அப்பெட்டி இல்லை. அவன் ஒருவீட்டுக் கூடத்தில் ஊராருடன் நெருங்கியிருந்தே சந்திரனைக் காண்கிறான். நூல் முழுவதிலும் பிள்ளை தனியாள். இந்த ஓரிடத்தில் மட்டும் கூட்டத்தில் ஒருவன். அவனுடைய அச்சம் கரைவதும் இங்கேதான். தனியாள் மனத்திடத்தைப் பாட வந்த நூல், தன் திருப்புமுனையை ஒரு கூட்டத்தின் நடுவே வைத்திருக்கின்றது. வசனம் இதைக் கவனிக்கவில்லை.

சந்திரனில் முதலடி பதிந்தபோது கனடாவின் கிழக்கிலே இரவு 10.56. இலங்கையில் அது ஜூலை 21, காலை 8.26, நெடுங்கேணிப் பிள்ளைக்கு அது பட்டப்பகல். இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979 இலேதான். ஆகவே இங்குள்ளோர் அந்நிகழ்ச்சியை வானொலியிலே கேட்டார்கள். பின்னர் பத்திரிகைப் படத்திற் பார்த்தார்கள். ஒரே நிகழ்ச்சி ஒருவனுக்குக் கண்முன் ஒளியாகவும் இன்னொருவனுக்குத் தொலைவிலிருந்து வந்த குரலாகவும் அமைந்தது. கனவும் கருவிகளின் வழியே வருவதால், கருவி எவருடைய கையில் இருக்கின்றது என்பது கனவின் பருமனையும் தீர்மானிக்கின்றது.

அந்தத் திரை காட்டியதையும் முழுமையென்று கொள்ளமுடியாது. அப்பலோ 11 புறப்படுவதற்கு முதல்நாள், 1969 ஜூலை 15 இல், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழரான ரால்ப் அபர்னாதி ஏழைக் குடும்பங்களுடன் கோவேறுகழுதை பூட்டிய வண்டிகளிலே ஏவுதளத்துக்கு வந்தார். சந்திரனுக்குச் செல்ல வல்ல நாடு பசித்தவனுக்கு உணவு கொடுக்க ஏன் வல்லதாகவில்லை என்பதே அவர் கொண்டுவந்த கேள்வி. விண்கலத்தை அவர் வெறுத்தாரல்லர். அச்சாதனையை வியக்கவும் செய்தார். விண்கலத்தையும் கழுதை வண்டியையும் ஒரே பக்கத்தில் வரையத்தக்க ஓவியர்தான் ஃபான் சகோதரர். ஆனால் கதை அவர்களை அவ்விடத்துக்கு அழைத்துச் செல்லவில்லை.

கனவு கைகூடிய விதத்தையும் சிறிது பார்ப்போம். 1969 இற் கனடாவுக்கு விண்வெளி வீரர் எவரும் இல்லை. முதல்வரான மார்க் கார்னோ சென்றது 1984 இல். கனடிய விண்வெளி நிறுவனம் அமைந்தது 1989 இல். 1992 இல் ஹட்பீல்ட் தெரிவானபோது விண்ணப்பித்தோர் 5,330 பேர், தெரிவானோர் நால்வர். 1995 இலும் 2001 இலும் அமெரிக்க ஓடத்திற் சென்றார். முதற்பயணம் ரஷ்யரின் 'மீர்' நிலையத்துக்கு. 2012 டிசெம்பரிற் கசகஸ்தானின் பைக்கனூரிலிருந்து ரஷ்யரின் சோயுஸ் கலத்தில் ஏறி, 2013 இற் சர்வதேச விண்வெளி நிலையத்தின் தளபதியான முதற் கனடியர் ஆனார். அமெரிக்கக் கொடி நாட்டப்பட்டதைக் கண்டு கனவுகொண்ட பிள்ளையை விண்ணுக்கு ஏற்றிச் சென்றது, ககாரின் புறப்பட்ட அதே பைக்கனூர். இதனைவிடச் சிறந்த சிறுவர் கதை வேறெது? பொதுப்பணத்தில் இயங்கிய பள்ளிகள், நிறுவனங்கள், பகைமை மறந்து கைகோத்த நாடுகள், பெயர் தெரியாத ஆயிரமாயிரம் தொழிலாளர் என்பன யாவும் அதில் உண்டு. அப்பலோத் திட்டத்தில் மட்டும் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் உழைத்தனர். 'நீ மாறு, போதும்' என்ற வாசகம் இவர்களையெல்லாம் நூலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது. விண்ணப்பித்த மற்ற 5,326 பேரும் இருட்டுக்குப் பயந்தவர்களல்லர்.

இதே பொருளில் 2018 இல் வெளிவந்த வேறொரு சித்திரநூலை ஆசிரியர்கள் அவசியம் பார்க்கவேண்டும். ரோடா அஹமட் எழுதி, ஸ்ரேசியா பேரிங்டன் வரைந்த 'மே அமங் த ஸ்ரார்ஸ்' என்ற அந்நூல், 1992 இல் விண்ணுக்குச் சென்ற முதற் கறுப்பினப் பெண் மே ஜெமிசனின் சிறுபராயத்தைச் சொல்வது. அதிலே பிள்ளையின் கனவுக்குத் தடையாக வருவது இருளன்று, வகுப்பாசிரியை. உன்போன்றவளுக்குத் தாதித்தொழில் பொருந்தும் என்று கனிவுடனேயே சொல்லிவிடுகிறார் அவர். கலையழகில் அந்நூல் ஃபான் சகோதரரின் நூலுக்கு ஈடாகாது. கதையும் இனிப்புக் கூடியது. தாயின் ஊக்கமொழி எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகின்றது. ஆயினும் தடை சமுதாயத்தில் இருக்கின்றது, அதுவும் கையிற் சோக்கட்டியுடன் நிற்கின்றது என்று காட்டும் நேர்மை அதற்குண்டு. 'உன்போன்றவள்' என்ற சொல் நம் பாடசாலைகளில் எத்தனை வடிவங்களில் ஒலிக்கின்றது என்பதை இவ்வேட்டைப் படிக்கும் ஆசிரியர் நன்கறிவர். தோட்டக்காட்டுப் பிள்ளை, குடியேற்றத்திட்டத்துப் பிள்ளை, இன்ன சாதிப் பிள்ளை, 'பெட்டைப் பிள்ளைதானே' என்று அது உருமாறி வரும்.

தமிழிலோ சந்திரனுடன் உறவாடும் மரபு நெடியது. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்திலே, குழந்தையுடன் விளையாட வருமாறு சந்திரனை நயந்தும், இகழ்ந்தும், கொடுத்தும், அச்சுறுத்தியும் அழைக்கின்றனர் புலவர். சோறூட்டும் தாயும் நிலவையே முற்றத்துக்குக் கூப்பிடுகிறாள். சந்திரன் பிள்ளையிடம் வரவேண்டும். பிள்ளை சந்திரனிடம் போவதில்லை. வேளாண் சமுதாயமொன்றின் அன்பும் எல்லையும் ஒருங்கே இதிலே தெரிகின்றன. பிள்ளை புறப்பட்டுப் போகும் கதைகளை நமக்குப் பெருமளவிற் கொண்டுவந்தவை மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1982 இல் அதிலிருந்து பிரிந்த ராதுகா பதிப்பகமும் மலிவு விலையில் அனுப்பிய மொழிபெயர்ப்புகள். சோவியத் ஒன்றியத்தின் முடிவோடு அவ்வரவு நின்றுபோயிற்று. அந்த இடத்தை நாமே நிரப்ப முயன்றது மிகக் குறைவு. பெரும்பாலும் இறக்குமதியாகும் ஆங்கில நூலும், நீதிபோதனைக் கதைகளுமே அங்கு வந்து அமர்ந்துகொண்டன.

இலங்கையின் முதற் செய்மதியான 'ராவணா-1' 2019 ஏப்ரலில் ஏவப்பட்டு, ஜூன் மாதத்தில் விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. அதை ஆக்கியோர் இலங்கைப் பொறியியலாளர் இருவர். ஆக்கிய இடம் ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவனம். இதிகாசப் பெயரைச் சூட்டி மகிழ்ந்த நாம், கிராமத்துப் பாடசாலைகளின் ஆய்வுகூடங்களைப் பற்றி அதே மகிழ்ச்சியுடன் பேசமுடிகிறதா?

நெடுங்கேணியின் இருள் இன்று வேறொன்று. குண்டுவிமானம் இல்லை, மின்சாரம் வந்துவிட்டது. நகரின் ஒளி எட்டாத வயலோரங்களில், மழைமேகமில்லாத அமாவாசை இரவுகளிற் பால்வீதி ஒரு கரையிலிருந்து மறுகரைவரை தெளிவாகத் தெரிகின்றது. ரொறன்ரோவின் நடுவே வாழும் பிள்ளைக்குப் பெற்றோர் நெடுந்தூரம் கார் ஓட்டிச் சென்று காட்டவேண்டிய காட்சி, இங்கே முற்றத்தில் இலவசமாகக் கிடைக்கின்றது. ஆனால் அந்த முற்றத்துக்கு இரவில் இறங்க முடியாதபடி யானை வருகின்றது. காவற்கொட்டிலில் யானைவெடியுடன் தகப்பன் விழித்திருக்கிறான். காணாமற்போனவரைத் தேடும் தாய்மாரும் அதே இரவில் உறங்காதிருக்கின்றனர். இந்த இருளையும் இந்த விண்மீன்களையும் ஒரே பக்கத்தில் வரைந்த சித்திரநூலொன்று தமிழில் வரவேண்டியிருக்கின்றது. ஃபான் சகோதரரிடம் அதற்காகக் கற்றுக்கொள்ள வேண்டியவை பல. ஹட்பீல்டின் முடிவை மட்டும் இரவல் வாங்கத் தேவையில்லை.

அதுவரையில், பொதியில் வந்த இந்நூலை வகுப்பிலே காட்டும் ஆசிரியர், அயல்வீட்டுக் கூடம் வரும் பக்கத்திற் சிறிதுநேரம் நிறுத்தலாம். தொலைக்காட்சியைச் சூழ்ந்திருப்போரின் முகங்களைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பிறகு அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் சென்று, அந்தக் காலையில் அவர்கள் எங்கே இருந்தார்கள், வானொலி யார் வீட்டில் இருந்தது, செய்தியைக் கேட்டு ஊரார் என்ன பேசிக்கொண்டார்கள், யார் அதை நம்ப மறுத்தார்கள் என்று கேட்டுவரச் சொல்லலாம். அந்த விடைகளைப் பிள்ளைகளே எழுதிப் படமும் வரையட்டும்.